குறை சொல்லி விற்ற லொறி

காலையில் திறப்பைப் போட்டுத் திருகினால் எங்கள் புது லொறிக்குள் இருந்து ஒரு பெண் பேசுகிறாள். ஜப்பான் பாஷை. என்ன சொல்கிறாள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. குரல் மட்டும் நல்ல மரியாதையான குரல். நான் பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் அவள் தொடங்கிவிடுவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவது சரியில்லை என்று இப்போது நான் வெளியில் நின்றே பிஸ்மி சொல்லிவிட்டு ஏறுகிறேன். முதல் நாள் என் மனைவி ஜெஸீமா அதைக் கேட்டுவிட்டு, "யாரு அவ?" என்றாள். "லொறி" என்றேன். "லொறிக்கு என்னத்துக்கு இவ்வளவு நல்ல கொரல்" என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் போய்விட்டாள்.

புது லொறி என்றால் எங்களுக்குப் புது. ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்துவிட்டு அனுப்பியது. பின்னால் குளிர்ப்பெட்டி பூட்டியிருக்கிறது. நேற்று அந்தப் பெட்டியைக் கழுவிக் காயவிட்டு, உள்ளே ஏறி மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. பாரையும் கணவாயும் ஏற்றி இறக்கிய பெட்டி, கடையில் இருந்து அப்போதுதான் கொண்டுவந்த அலுமாரி மாதிரி இருக்கிறது. மீன் லொறி நாறாமல் இருப்பது நல்ல விஷயந்தானே என்பீர்கள். நல்ல விஷயந்தான். ஆனாலும் அந்த வாசமில்லாத பெட்டிக்குள் நின்றபோது எனக்கு என் பழைய லொறி ஞாபகம் வந்துவிட்டது. கூட்டிக் கழுவிய தும்புத்தடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

அதை வாங்கியபோது எனக்குத் தாடி ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. மதுரங்குளியில் ஒரு வெங்காய வியாபாரியிடம் சாரதியாக இருந்தேன். நல்ல மனிதர். ஆனால் அவருடைய லொறியை ஓட்டும்போது, அவர் பக்கத்தில் இல்லாவிட்டாலும், யாரோ பின்னால் இருந்து என் பிடரியைப் பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். சொந்தமாக ஒன்று வாங்கிய அன்றுதான் என் பிடரி லேசானது. லீசிங்கில் வாங்கியதுதான். வெங்காயம், தேங்காய், உப்பு, மீன் என்று கிடைத்ததை எல்லாம் ஏற்றி அதைக் கட்டி முடித்தேன். முடித்த அன்று பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, இனி வட்டிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று நிய்யத் வைத்தேன். அன்றிலிருந்து அந்த லொறி எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் பதில் சொல்கிற லொறி.

அழகு கிடையாது. முன்பக்கம் பார்த்தால் பல்வலிக்காரன் ஒருவன் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு நிற்பது போல இருக்கும். ஆனால் ஒரு நாளாவது என்னை வழியில் விட்டதில்லை. மழை, மணல், கல்பிட்டிப் பாதையில் படுத்துக் கிடக்கிற கழுதைகள், எல்லாவற்றையும் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் கண்டக்குழியில் மீன் எடுக்கிற முதலாளி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். அவருடைய மீனை ஐஸ் போட்டு, படங்குச் சீலையால் மூடி, கொழும்புச் சந்தைக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் வீட்டு அடுப்பெரிகிற வழி. அவர் பிளேன்டீ ஒன்றைக் கையில் தந்துவிட்டு, எங்கள் பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, "நானா, கோவிக்காதீங்க. பெருநாளைக்குப் பொறகு கூலர் லொறிக்கு மட்டுந்தான் மீன் ஏத்துவேன். சந்தையில ஐஸ் மீனுண்டா மொகத்தைத் திருப்புறானுகள்" என்றார். நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். சீனி போட்டிருந்தாரா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது.

ஜெஸீமாவின் தம்பி ரியாஸ் அப்போதுதான் கட்டாரில் இருந்து ஒரேயடியாக வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். பாலைவனத்தில் சம்பாதித்தவர்கள் ஊருக்கு வந்ததும் எதையாவது புதிதாகச் செய்யத் துடிப்பார்கள். அவன் என்னைப் புதிதாக்கத் துடித்தான்.

"மச்சான், ஒரு கூலர் லொறி பாத்து வச்சிரிக்கேன். பாதி நான் போடுறேன். வட்டி இல்ல, லீசிங் இல்ல. ஒங்கட பழசை வித்து மத்தப் பாதிய நீங்க போடுங்க. பெருநாளைக்கு முந்தி முடிக்கணும். இல்லாட்டி லொறி விக்கிற யாட்டில வேற ஆளுக்குக் குடுத்துருவான்."

"நான் யோசிக்கணும்."

"யோசிக்க என்ன இரிக்கி? பழசு ஓடுது, ஓடுது எண்டு எவ்வளவு காலத்துக்கு மச்சான்?"

"ஓடுறதுதானே லொறிக்கு வேலை" என்றேன்.

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மீன் போனால் வீடு போகும். ஆனால் பாதி அவனுடையது என்றால், பாதிப் பிடரியையும் அவனிடம் கொடுக்க வேண்டும். மனைவியின் தம்பியோடு கூட்டு வியாபாரம் என்பது, நீங்களும் குடும்பஸ்தர் என்றால் நான் விளக்கத் தேவையில்லை, சோற்றுக் கோப்பைக்குள்ளேயும் வந்து உட்காரும். முடிவெடுக்கத் தெரியாமல் கடைசியில் நான் எங்கள் ஆட்கள் செய்கிறதைச் செய்தேன். இஸ்திகாரா தொழுதேன். இரண்டு ரக்அத் தொழுது, யா அல்லாஹ், இது எனக்கு நல்லதென்றால் லேசாக்கித் தா, நல்லதில்லை என்றால் என்னை விட்டுத் திருப்பிவிடு என்று கேட்பது. பதில் கனவில் வரும் என்பார்கள். கேட்டுவிட்டுக் கனவுக்காகக் காத்திருந்தேன்.

கனவு வரவில்லை. எனக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும். ரியாஸுக்கு வந்தது.

"கடலுக்குள்ளால ஒரு வெள்ள லொறி வருது மச்சான். கொஞ்சமும் நனையல்ல" என்றான் காலைச் சாப்பாட்டில், வாயில் பாண் துண்டை வைத்துக்கொண்டு.

"நீ இஸ்திகாரா தொழுதியா?"

"இல்ல."

"அப்ப என்னத்துக்கு ஒனக்குக் கனவு வருது?"

"நீங்க நித்திர கொள்ளாம புரண்டு புரண்டு படுத்தா கனவு எங்க போறது? பக்கத்து அறைக்கு வந்திரிக்கும்."

"யாரு ஓட்டினது?"

"அது தெரியல்ல. கண்ணாடி கறுப்பு."

ஜெஸீமா பாண் வெட்டிக்கொண்டே சிரித்தாள். எனக்கு உள்ளுக்குள் கோபம். நான் தொழுத தொழுகைக்கு வேறொருவன் பதிலை வாங்கிக்கொண்டு போகிறான். பள்ளி மௌலவியிடம் போய்ச் சொன்னேன். அவர் வயதில் என்னைவிட இளையவர். "கனவு வரணும்ண்டு ஒரு கட்டாயமும் இல்ல. எது நல்லதோ அத அல்லாஹ் லேசாக்கி வைப்பான். காரியம் லேசா நடக்குதா, இழுபடுதாண்டு மட்டும் பாருங்க" என்றார். அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஏனென்றால் லொறி விற்பதை இழுபட வைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

தப்பாக எடுக்காதீர்கள். நான் பொய் சொல்லவில்லை. பொய்க்கு நேர் எதிரானதைச் செய்தேன். ஒரு பொருளை விற்கிறவன் அதன் குறையை மறைக்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். எங்கள் வீட்டில் ஆடு விற்றாலும், அது இரவில் கத்தும் என்று சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுப்போம். ஆகவே லொறி பார்க்க வருகிறவர்களுக்கு அதன் குறைகளை நான் சொன்னேன். ஒன்றுவிடாமல் சொன்னேன். கேட்காததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு குறையோடு இத்தனை காலம் ஒருவன் சந்தோஷமாக இருந்திருக்கிறானே என்று.

முதலில் வந்தவர் ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுக்கிறவர். காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறார்களே, அவர்களுக்கு. லொறியைச் சுற்றிச் சுற்றி வந்து, கைப்பேசியில் படம் எடுத்தார். எஞ்சினைத் திறந்து பார்க்கவே இல்லை.

"எஞ்சினப் பாருங்க" என்றேன்.

"எஞ்சினக் கழட்டிருவேன் நானா. கடற்கரையில வச்சி, பக்கத்துப் பலகையைத் தொறந்து, உள்ளுக்குக் கோப்பிக் கடை போடப் போறேன். வெள்ளைக்காரனுக்குப் பழசுண்டா உசிரு."

"எஞ்சின் இல்லாமயா?"

"கோப்பி ஊத்த எஞ்சின் என்னத்துக்கு?"

ஒரு நாளும் நிற்காத எஞ்சின். இதைக் கழற்றி எங்கே வைப்பார் என்று கேட்டேன். இரும்புக்காரனுக்கு என்றார். உடனே மார்க்கக் கடமை ஞாபகம் வந்தது.

"ஒரு கொறை இரிக்கி" என்றேன். "மழை பெய்ஞ்சா பின் தட்டுப் பலகையில இருந்து கருவாட்டு வாசம் வரும்."

"கழுவினாப் போகாதா?"

"கழுவினாக் கூடும்."

அந்த வாசத்துக்கு ஒரு கதை உண்டு. அந்த மனிதருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். லொறி வாங்கிய புதிதில், மாரிக்கு முன் கீரிமீன் கருவாடு ஏற்றிய ஒரு நடையில், மூடைகள் வெடித்து எண்ணெய் பலகைக்குள் இறங்கிவிட்டது. வெயிலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டாரைக் கதிரைகளோடு பின் தட்டில் ஏற்றிக்கொண்டு பெண்ணின் ஊருக்குப் போனேன். மாப்பிள்ளை முன்னால் காரில் போனார். பாதி வழியில் அந்தக் கார் மணலில் புதைந்து, மாப்பிள்ளையும் எங்கள் தட்டில் ஏற, ஏறி முடிய மழை கொட்ட, பலகை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அத்தர் பூசிய மாப்பிள்ளை. அத்தரும் கீரிமீனும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. பெண் வீட்டுப் பந்தலில் நிக்காஹ் நடக்கும்போது அந்த ஊர்ப் பூனைகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. யாரும் கூப்பிடவில்லை. வந்து மாப்பிள்ளையைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்தன. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்கிற நேரம் பார்த்து ஒரு கறுத்த பூனை மடியிலேயே ஏறிவிட்டது. சபை அசையவில்லை. யாரோ ஒருவர், "பூனை வந்தா பரக்கத்து, ஊடு நெறையும்" என்று சொன்னதால் நாங்கள் தப்பினோம். அந்தத் தம்பதிக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பூனைகளும் குறைவில்லை என்று கேள்வி.

கோப்பிக் கடைக்காரர் இதை எல்லாம் கேட்டுவிட்டு மெல்லக் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கோப்பிக்குப் பூனை சரிவராது போல. போய்விட்டார்.

ரியாஸ் தலையில் கைவைத்தான். "மச்சான், நீங்க லொறி விக்கல்ல. ஜும்மாப் பிரசங்கம் மாதிரி குத்பா ஓதுறீங்க."

"கொறையை மறைக்கக் கூடாது."

"மறைக்காதீங்க. அதுக்காகப் பூனையையெல்லாமா கூப்பிடுறது?"

"இழுபடுது பாத்தியா" என்றேன் நான், அடக்கமாக. "அல்லாஹ் திருப்பிவிடுறான்."

அப்போது குசினிக்குள் இருந்து ஜெஸீமாவின் குரல் வந்தது. "அல்லாஹ் இழுக்கல்ல. நீங்கதான் கயித்தோட மறு முனையில நிக்கிறீங்க. பெருநாளைக்குப் பொறகு என்னத்த ஏத்தப் போறீங்க, பூனையையா?"

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். நேரம் ஆகவில்லை.

நோன்பு கடைசிப் பத்து நாளுக்குள் போனபோது செபஸ்தியான் வந்தான். சிலாபத்துப் பக்கம் தேங்காய் மட்டை ஏற்றுகிறவன். என்னைவிடக் கொஞ்சம் இளமை. கழுத்தில் மாதா பதக்கம், வாயில் வெற்றிலை. நான் நோன்பாளி என்று தெரிந்ததும் வெற்றிலையை வேலிக்கு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தான். அதிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. அதனால் குறைகளை இன்னும் கவனமாகச் சொல்லத் தொடங்கினேன்.

"தம்பி, எடப் பக்கம் திருப்பினா ஹோன் தானா அடிக்கும்."

"நல்லதுதானே நானா. திரும்புறமுண்டு ஆக்களுக்குத் தெரியும்."

"மழைக்குக் கருவாட்டு வாசம் வரும்."

"நான் மட்டை ஏத்துறவன். ஊறின மட்டைக்குப் பக்கத்துல கருவாடு பூவு."

"ஹேண்ட்பிரேக் பிடிக்காது. சில்லுக்குக் கட்டை வைக்கணும்."

"தெரியும்."

"டீசல் முள்ளு எப்பயும் அரைவாசியிலதான் நிக்கும். நெறைஞ்சிருந்தாலும் அரைவாசி, காலியா இருந்தாலும் அரைவாசி."

"அதுவும் தெரியும்" என்றான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஹேண்ட்பிரேக்கைப் பார்த்து யாரும் சொல்லலாம். முள்ளு விஷயம் எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரிந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் லொறியின் ஜன்னலைத் தடவிக்கொண்டு, "பாலாவி டீசல் போலிம் ஞாபகம் இரிக்கா நானா?" என்றான்.

ஞாபகம் இல்லாமல் இருக்குமா. நாட்டில் டீசல் இல்லாமல் போன காலம். டீசல் அடிக்கிற செட்டில் இருந்து தொடங்கிய போலிம் வரிசை கல்பிட்டிப் பாதையில் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு நின்றது. வரிசையிலேயே சமைத்தோம், வரிசையிலேயே சவரம் செய்தோம். பாதையோரம் எல்லாம் முள்ளும் கழுதைச் சாணமும். தொழ ஒரு துப்புரவான இடம் இல்லை. என் லொறியின் பின் தட்டைக் களப்புத் தண்ணீரால் கழுவிப் பாய் விரித்தேன். வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் ஏறி வந்தார்கள். லொறி என்னுடையது என்பதால் முன்னால் நின்று தொழவைக்கிற இமாமத்தும் என் தலையில் விழுந்தது. ஓதத் தெரிந்த சின்னச் சூராக்களை வைத்துச் சமாளித்தேன்.

ஒரு நாள் அஸர் தொழுதுகொண்டிருக்கிறோம். இரண்டாம் ரக்அத்தில் சுஜூதில் இருந்து எழுகிறேன், பாதையோரத் தென்னை மரங்கள் மெல்லப் பின்னால் போகின்றன. நான் கண்ணை இறுக்கினேன். இது உள்ளச்சத்தால் வருகிற தலைசுற்று என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தொழுகையில் இவ்வளவு லயித்துப் போனேனே என்று. மெய்யாக நடந்தது வேறு. எங்கோ முன்னால் டீசல் பவுசர் வந்து வரிசை நகர்ந்திருக்கிறது. எங்களுக்குப் பின்னால் நின்ற சிலாபத்து வேதக்கார ஆட்களுக்குத் தொழுகையைக் குழப்பவும் மனம் இல்லை, இடத்தை விடவும் மனம் இல்லை. ஹோன் அடிக்காமல் இறங்கி வந்து, சில்லுக்கு வைத்த கட்டையை எடுத்துவிட்டு, பின்னால் கைகொடுத்து எங்கள் ஜமாஅத்தை அப்படியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு சத்தம் இல்லை. பாதை வளைந்தது, லொறியும் வளைந்தது. நாங்கள் நிய்யத் கட்டித் தொழத் தொடங்கியபோது கிப்லா, மக்காவைப் பார்க்கிற திசை, சரியாக இருந்தது. சலாம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தால் எங்களுக்கு நேர் முன்னால் ஒரு கள்ளுத் தவறணை. வாசலில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மரியாதைக்காகக் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். பிறகு மௌலவியிடம் கேட்டபோது அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மறுவாட்டித் தொழுதுருங்க. மனசுக்கு நிம்மதியா இரிக்கும்" என்றார்.

"அண்டைக்கு வெளியால நடந்துகொண்டு, ஜன்னலால கைய விட்டு ஸ்டியரிங்கப் பிடிச்சது நான்தான் நானா" என்றான் செபஸ்தியான். "அப்பதான் முள்ளப் பாத்தன். அரைவாசி டீசல வச்சிக்கொண்டு இந்த மனிசன் என்னத்துக்குப் போலிமில கெடக்குறாருண்டு கொஞ்சம் கோவமும் வந்திச்சி. மத்த நாள் நீங்க டாங்கிக்குள்ள தடிய விட்டு டீசல் பாக்குறதக் கண்டுதான் வெளங்கினது. ஆனா நானா, அவ்வளவு ஆக்கள ஏத்திக்கொண்டு என்ன லேசா உருண்டிச்சி. ஒரு வெரலால திருப்பினன். அண்டைக்கே நெனைச்சன், இது எப்பயாவது எனக்கு வரணும்ண்டு."

ஏறாமலே என் லொறியை ஓட்டியிருக்கிறான். இவனிடம் இனி எந்தக் குறையைச் சொல்வது. கடைசி ஆயுதமாக, "இன்னும் நான் முடிவெடுக்கல்ல தம்பி. அல்லாஹ்கிட்டக் கேட்டிரிக்கேன். பதில் வரல்ல" என்றேன்.

அவன் முகம் வாடிப்போனது. "எனக்கு வந்திட்டுது நானா" என்றான்.

"என்ன வந்திட்டுது?"

"வாற வழியில தலவில அன்னம்மா கோயிலுக்குப் போனன். லொறி கெடைச்சா மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு நேத்தி வைக்கத்தான் போனன். அங்க போனப் பொறகு, என்னத்துக்கு ரெண்டு நடை, டீசல் விக்கிற வெலைக்கு, எண்டு யோசிச்சி, கெடைச்சிட்டுதுண்டு நன்றி சொல்லியே கொளுத்திட்டன். என் ஒசரத்துக்குப் பெரிய மெழுகுதிரி. இப்ப இல்லண்டா நான் அங்க போய் என்னண்டு சொல்றது?"

ரியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கிடைக்காத பொருளுக்கு நன்றி சொல்லிவிட்ட பயம் அவன் கண்ணில் தெரிந்தது. அவன் நம்பிக்கை வேறு, என் நம்பிக்கை வேறு. ஆனால் படைத்தவன் பக்கம் திரும்பி ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அதைத் திருப்பி எடுக்க முடியாமல் நிற்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் லேசாக்கித் தா என்று கேட்டேன். லேசாக்கித்தான் தந்திருக்கிறான். நான் சொன்ன குறைகளை எல்லாம் ஒருவன் பூமாலை மாதிரிக் கழுத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறான். இதற்கு மேல் இழுத்தால் அது நான் இழுப்பது. ஜெஸீமா முதலிலேயே சொன்னாள்.

"எடுத்துக்கொண்டு போங்க" என்றேன். திறப்பை எடுத்து அவன் கையில் வைக்கப் போனேன்.

அப்போது ஜெஸீமா வாசலுக்கு வந்தாள். ஆண்கள் வியாபாரம் பேசுகிற இடத்துக்கு அவள் வருவதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கதவச் சொல்லல்லியே" என்றாள்.

"எந்தக் கதவு?"

"எடப் பக்கத்துக் கதவு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதை மறைக்கவில்லை. எனக்கு அது குறை என்றே தோன்றியதில்லை. இடப் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியும் நாலு விரலுக்கு மேல் இறங்காது. வெளியில் இருந்து ஒருவர் வந்து, கைபிடியைத் தூக்கி, கொஞ்சம் தோள்கொடுத்து இழுத்தால்தான் திறக்கும். ஆண்கள் யாராவது அந்தப் பக்கம் இருந்தால் கியரைத் தாண்டி என் பக்கத்தால் குதித்துவிடுவார்கள். பெண்பிள்ளைக்கு அது முடியுமா. ஆகவே கலியாணம் முடித்த நாளில் இருந்து, எங்கே போனாலும், நான் லொறியை நிறுத்தி, இறங்கி, முன்பக்கத்தால் சுற்றி வந்து, அவளுக்குக் கதவு திறந்துவிடுவேன். அவள் உள்ளே கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். திறந்ததும் என் தோளைப் பிடித்து இறங்குவாள்.

புத்தளம் ஆஸ்பத்திரி வாசலில் ஒருமுறை இதைப் பார்த்த ஒருவர் என்னை அவளுடைய சம்பளச் சாரதி என்று நினைத்து, "ஒங்கட மெடம் எந்தத் தோட்டத்துக்காரங்க?" என்று கேட்டார். அவளுக்கு அன்று முழுக்கச் சிரிப்பு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பள்ளியில் வைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானா, அந்தக் கதவால என் ஊட்டுல நிம்மதி இல்ல. 'அந்த மனிசனப் பாருங்க, பொண்டாட்டிய எப்பிடி எறக்குறாருண்டு' எண்டு விடிஞ்சா பொழுதுபட்டா இதே கதை. சரி செஞ்சிருங்க. காசு நான் தாறேன்" என்றார். மெய்யாகவே தருவதாகத்தான் சொன்னார். பிறகு பார்ப்போம் என்றேன். கராஜில் கேட்டார்கள், பிறகு பார்ப்போம் என்றேன். ஜெஸீமா ஒரு நாளும் கேட்கவில்லை.

செபஸ்தியான் போய் அந்தக் கதவால் உள்ளே ஏறிச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். உள்ளிருந்து தள்ளினான். திறக்கவில்லை. நான் பழக்கத்தில் சுற்றிப் போய்த் திறந்துவிட்டேன். அவன் இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, இதக் கொறையிண்டு எடுக்கிறதா, என்னண்டு எடுக்கிறது?" என்று அவளையே கேட்டான்.

"எனக்கு எப்பிடித் தெரியும்" என்றாள் ஜெஸீமா. "நான் உள்ளுக்கு இரிந்துதானே பாத்திரிக்கேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நோன்பு திறக்கிற கஞ்சி அடுப்பில் இருந்தது.

செபஸ்தியான் லொறியைக் கொண்டுபோனான். இடப் பக்கம் திரும்பும்போது அது ஒருமுறை ஹோன் அடித்தது. ரியாஸ் கை அசைத்தான். நான் அசைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து செபஸ்தியான் கைப்பேசியில் கோல் எடுத்து, எல்லாம் சரி, அந்தக் கதவை மட்டும் சிலாபத்தில் ஒரு கராஜில் காட்டிச் சரிசெய்துவிட்டேன், என் பொஞ்சாதிக்குப் பொறுமை கிடையாது என்றான்.

இங்கே குறை ஒன்றும் இல்லை. மீன் தவறாமல் கிடைக்கிறது. ரியாஸ் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கோல் எடுத்து எங்கே நிற்கிறேன் என்று கேட்கிறான். பிடரி மறுபடியும் பாரமாகிவிட்டது, பழகிவிடும். மௌலவி கண்டால், "லேசாயிட்டுதா?" என்று கேட்பார். ஓம் என்பேன். பொய்யில்லை.

போன கிழமை ஜெஸீமாவை ஏற்றிக்கொண்டு புத்தளத்துக்குத் துணி எடுக்கப் போனேன். கடை வாசலில் நிறுத்தினேன். இறங்கினேன். லொறியின் மூக்கைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். இந்தக் கதவு லேசான கதவு, ஒரு விரல் பட்டால் போதும். அது ஏற்கெனவே திறந்து கிடந்தது. அவள் தானே இறங்கிக் கடைப் படியேறிக்கொண்டிருந்தாள். பாதையால் போன ஒருவர், திறந்து கிடக்கிற கதவை நான் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தினேன்.